மிதிபட்ட கால்

"இந்தம்மாவை ஹோரோ ஆட்டத்துலேர்ந்து தூக்குங்க. இல்லேன்னா நான் இல்லத்தை விட்டே போறேன்!"

ஸ்டாமென் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தலைமை நர்ஸ் இலீவாவின் மேசையைத் தட்டினார். அவர் இதுவரை எழுதிக் கொடுத்த புகார்களே ஒரு கோப்பு நிறைய இருந்தன.

பென்கா தலைகுனிந்து நின்றாள். அவள் இந்த முதியோர் இல்லத்துக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகிறது. காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, கைகோத்து, பாட்டுக்குக் கால் தட்டி ஹோரோ ஆடும் அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு வீட்டு நினைப்பு வராது. இனி அதுவும் போய்விடும் போலிருந்தது.

"எல்லாரும் இடது பக்கம் காலை வச்சப்போ, நான் வலது பக்கம் வச்சுட்டேன். மன்னிச்சிடுங்க ஐயா."

"வச்சியா? இறக்கினே! அது காலா, கோஸ் ஊறப்போடற பீப்பாய் மேல வைக்கிற கல்லா? முப்பது வருஷம் ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தேன். ஒரு எஞ்சின்கூட என்மேல ஏறினதில்லை!"

"எந்தக் கால்?" என்றாள் இலீவா.

"இடது கால். சுண்டுவிரல். இன்னும் விண்விண்ணுன்னு தெறிக்குது!"

இலீவா சட்டென்று எழுந்து வந்து, மண்டியிட்டு, அவர் செருப்பைக் கழற்றிச் சுண்டுவிரலை அமுக்கினாள்.

"ஆ!"

அவள் முகமெல்லாம் சிரிப்பு. பென்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஸ்டாமென் ஐயா, பக்கவாதம் வந்ததுலேர்ந்து பத்து மாசமா இந்தக் கால்ல ஊசி குத்தினாக்கூட உங்களுக்குத் தெரியலையே!"

ஸ்டாமென் குனிந்து தன் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பென்காவின் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கும் என் பக்கத்துலயே உட்காருங்கம்மா. இன்னும் நாலு விரல் பாக்கி இருக்கு."