கொஞ்சம் ஸ்லோவாக்கிக் குடு

"இந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் ஸ்லோவாக்கிக் குடுக்க முடியுமா தாயி?"

தன் காதில்தான் தப்பாக விழுந்துவிட்டது என்று நினைத்தாள் கௌசல்யா. ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்தபடியே நிமிர்ந்தாள்.

"ஸ்பீடாக்கணும்னுதானம்மா சொல்றீங்க?"

"இல்ல, ஸ்லோவா ஓடணும்." ஆனந்தமேரி வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "சார் பேப்பர் வாங்கக் கடைக்குப் போயிருக்காரு. அவரு வாரதுக்குள்ள பண்ணிரு. ஏன்னு மட்டும் கேக்காத."

திண்டுக்கல்லில் வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற இந்த நாலு வருஷத்தில் இப்படி யாரும் கௌசல்யாவிடம் கேட்டதில்லை. அதுவும் இந்த வீட்டிலா?

மேட்டுப்பட்டியில் இந்த வீட்டுக்கு ஒன்றரை மாதத்தில் இது நாலாவது நடை. ஒவ்வொரு தடவையும் போன் போட்டு அழைத்தவர் ஆனந்தமேரியின் கணவர் ராயப்பராஜ். தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டிலேயே மனு, கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று டைப் அடித்துக் கொடுக்கிறார். அவர் சொல்லும் புகார் எப்போதும் ஒன்றுதான். 'மெஷின் ரொம்ப ஸ்லோவா இருக்கும்மா!'

முதல் தடவை உள்ளே இருந்த தூசியைத் தட்டி ஃபேனைச் சுத்தம் செய்தாள். அடுத்த தடவை வேண்டாத புரோகிராம்களை எல்லாம் எடுத்தாள். மூன்றாவது தடவை ராம் மெமரியைக் கூட்டிப் போட்டாள். இப்போது அவள் கடையில் இருக்கும் மெஷின்கூட இத்தனை வேகமில்லை.

"சார் எந்நேரமும் கம்ப்யூட்டரே கதின்னு உக்காந்துருக்காரா? அது உங்களுக்குப் பிடிக்கலையா?" கேட்காதே என்றாலும் கௌசல்யாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீ வேற! உக்கார மாட்டேங்குறாரேன்னுல்ல கெடக்கேன். போன வாட்டி நீ சரி பண்ணிட்டுப் போனியா, ரெண்டு நாளு அதைத் தொடவே இல்ல. சோறும் சரியா எறங்கல."

மெஷின் வேகமாக ஓடினால் ஒரு மனிதருக்கு ஏன் சோறு இறங்காமல் போக வேண்டும்? கௌசல்யா யோசித்துக்கொண்டிருக்கும்போதே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பேப்பர் கட்டோடு ராயப்பராஜ் உள்ளே வந்தார்.

"வந்துட்டியாம்மா? இம்புட்டு செஞ்சும் ஸ்லோவாத்தான் இருக்கு. நீயே பாரு."

"நீங்க டைப் அடிங்க சார். நான் செத்த நேரம் பக்கத்துல இருந்து பாக்குறேன்."

மூன்று தடவையும் கௌசல்யா திரையைத்தான் பார்த்திருந்தாள். இன்றைக்கு அவருடைய விரல்களைப் பார்த்தாள்.

வலது கை எழுத்துக்கு மேலே வந்து நின்று நடுங்கியது. அமுக்கியதும் ஒரே எழுத்து மூன்று தடவை விழுந்தது. அழித்தார். மறுபடியும் அமுக்கினார். பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழுந்தது. 'அன்புடையீர்' என்ற ஒரு சொல்லை முடிப்பதற்குள் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மெஷின் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. அவர் விரலுக்காக அதுதான் காத்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா? எம்புட்டு ஸ்லோ!" என்றார் ராயப்பராஜ்.

கௌசல்யா தண்ணீர் கேட்கிற சாக்கில் அடுப்படிக்குப் போனாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே ஆனந்தமேரிக்குப் புரிந்துவிட்டது.

"டாக்டர் எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "நரம்பு வியாதியாம். நடுக்கம் கூடத்தான் செய்யுமாம், கொறையாதாம். அவருக்கு இன்னும் தெரியாது. நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு வார்த்தை அடிச்ச மனுசன் தாயி! மெஷின்லதான் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டுப் போகட்டும். நீ அதை ஸ்பீடாக்க ஸ்பீடாக்க, அவருக்குப் பழி போட எடமில்லாமப் போகுது."

கௌசல்யா டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

விண்டோஸிலேயே ஒரு வசதி இருந்தது. அதைப் போட்டுவிட்டால், எழுத்தைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால்தான் திரையில் விழும். கை தவறி லேசாகப் படுகிற தட்டுகளைக் கீபோர்டு கண்டுகொள்ளாது. மெஷின் மெதுவாகும். ஆனால், நடுக்கத்தால் வரும் பிழையும் நிற்கும்.

அதைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"இந்த மெஷினோட வாகு அப்படி சார். ஸ்லோவாத்தான் எடுக்கும். ஒவ்வொரு எழுத்தா நல்லா அழுத்திப் பிடிச்சு அடிங்க."

ராயப்பராஜ் அடித்தார். ஒரு வரி முடிந்தது. இன்னொரு வரியும் முடிந்தது. ஓர் எழுத்துக்கூடத் தப்பி விழவில்லை.

"ஸ்லோதான். ஆனா பிழையே இல்லையே! மேரி, இங்க வந்து பாரேன்!"

ஆனந்தமேரி அடுப்படி வாசலிலிருந்தே பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே திரும்பிக்கொண்டாள்.

கௌசல்யா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவளை வழியனுப்ப ராயப்பராஜ் தெரு வரைக்கும் வந்தார். அவள் வண்டியை எடுக்கும்போது, வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரொம்ப நல்ல காரியம் பண்ணினம்மா. ஆனா மேரி எப்பக் கேட்டாலும் மெஷின்லதான் கோளாறுன்னு சொல்லணும், என்ன?"

கௌசல்யா திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள்.

"ரெண்டு மாசத்துக்கு முந்தி, தவக்காலம் தொடங்குறதுக்கு முன்னாலயே நான் தனியா மதுரைக்குப் போயி டாக்டரைப் பாத்துட்டு வந்துட்டேன். தெரிஞ்சா அவ தாங்க மாட்டா தாயி. அவ நம்பணும்னுதான் நாலு தடவையும் உன்னயக் கூப்புட்டேன்."