இருக்கைக்கு அடியிலுள்ள சுவிட்ச்

எங்கள் பொலிவார் துறைமுகத்தில் அன்று மத்தியானம் மழை கொட்டியது. ஹோல்கர் வாழைப்பழப் பெட்டிகளோடு டீசல் ஃபோர்க்லிஃப்டைக் கன்டெய்னர் வாசலில் நிறுத்தினான். பேட்டரி வண்டி வாங்கப்போவதாக மேற்பார்வையாளர் யெசேனியா சொன்னதும் அவனுக்குச் சுருக்கென்றது.

"அது சார்ஜ் ஏறவே பாதி நாள் போயிடும், மேடம். இது ரெண்டு நிமிஷத்துல டீசல் குடிச்சிட்டு மழையிலயும் ஓடும். ரெண்டு டன்ன அலட்டிக்காம தூக்கும்."

"புகையக் கக்குமே, அதையும் சொல்லு. இதை ஓட்டின வில்மர் போன வருஷம் எஞ்சின நிறுத்தாம இறங்கி கன்டெய்னருக்குள்ள இருமி இருமியே செத்தானே, மறந்துட்டியா?"

ஹோல்கர் வண்டியிலிருந்து இறங்கினான். ஓட்டுபவர் எழுந்தால் இருக்கைக்கு அடியிலுள்ள சுவிட்ச் எஞ்சினை நிறுத்திவிடும். வில்மர் செத்த பிறகு பொருத்தியது.

எஞ்சின் நிற்கவில்லை.

"வயர அறுத்து விட்டுட்டியா?"

"சத்தியமா நான் தொடல, மேடம்."

இருவரும் இருக்கையைப் பார்த்தார்கள். மெத்தை அமுங்கியே இருந்தது. ஹோல்கர் சாவியைத் திருப்பக் கையை நீட்டி, பாதியிலேயே இழுத்துக்கொண்டான்.

சற்று நேரத்தில் மெத்தை மெல்ல மேலெழுந்தது. எஞ்சின் நின்றது. மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

பிறகு, ஆளில்லாத கன்டெய்னருக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள்.