ஆயுத பூஜைப் படம்

பூபாலனின் விரல் படத்தின் இடது ஓரத்திலிருந்து நகரத் தொடங்கியது.

நிகழ்ச்சி நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் உள்ளூர் கேபிள் சேனலுக்கு ஒரே அறை, ஒரே கேமரா. எதிரே உட்கார்ந்திருந்த பூபாலன் பனியன் கம்பெனி முதலாளி. எங்கள் வார்டில் கவுன்சிலருக்கு நிற்கிறார். கேள்வி கேட்பது நான்.

கேள்வி கேட்பது என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தேர்தல் வந்தால் எங்கள் சேனலில் வேட்பாளர் தரப்பே கேள்விகளை எழுதிக் கொடுத்துவிடும். நாங்கள் படிப்போம். அவர்கள் அப்போதுதான் யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வார்கள்.

இவருக்காகக் கேள்விகளை எழுதியவர் அவருடைய கம்பெனி மேனேஜர் தீனதயாளன். இடையிடையே காட்டுவதற்கென்று வாட்ஸ்அப்பில் முப்பது படங்களும் அனுப்பியிருந்தார். கும்பாபிஷேகம், கண் சிகிச்சை முகாம், மரக்கன்று நடும் விழா என்று வரிசையாக வந்தவற்றுக்கு நடுவே இந்த ஆயுத பூஜைப் படமும் இருந்தது.

அதை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய படம். பொட்டு வைத்த மிஷின்களுக்கு முன்னால் முதலாளியும் தொழிலாளிகளும் வரிசையாக நிற்கிறார்கள். எல்லார் கையிலும் பொரிப் பொட்டலம். நான்காவதாக நிற்பவள் என் அம்மா மூக்கம்மாள்.

படம் எடுத்த அடுத்த மாதம், கட்டிங் மிஷினில் அம்மாவின் வலது கை விரல்கள் நான்கும் போயின.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். அப்படி ஒரு பெண் என் கம்பெனியில் வேலையே பார்க்கவில்லை என்று கோர்ட்டுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் பூபாலன். அம்மாவுக்கு அடையாள அட்டை இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. இதே படத்தை நாங்கள் நீட்டியபோது அவருடைய வக்கீல் சிரித்தார். ஆயுத பூஜை அன்று பொரி வாங்கத் தெருவில் போகிறவர்கள்கூட உள்ளே வருவார்கள், யார் எவர் என்று முதலாளிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

வழக்கு தோற்றது. அம்மாவைப் பொய்க்காரி என்று தீர்ப்பில் எழுதாததுதான் குறை. அப்பீல் இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

நான் இந்த மனிதரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. அம்மாவின் பெயரை அவர் வாயாலேயே, ஊர் பார்க்கச் சொல்ல வைக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

தீனதயாளன் எழுதிய ஏழாவது கேள்வி இது: தொழிலாளிகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற முதலாளி என்கிறார்களே, உண்மையா?

நான் செய்ததெல்லாம், அந்தக் கேள்விக்கு நேராக இந்தப் படத்தைத் திரையில் போட்டு, பெரிதாக எடுத்த பிரதி ஒன்றை அவர் மடியில் வைத்ததுதான்.

"இது கன்னையனுங்க, டெய்லர். இது மாரக்கா, செக்கிங். இது நம்ம அந்தோணிராஜ், அயர்ன் மாஸ்டர்."

ஒவ்வொரு பெயருக்கும் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார்.

விரல் அம்மாவின் முகத்தில் வந்து நின்றது.

கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்த தீனதயாளனுக்கு அப்போதுதான் உறைத்தது. வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினார். பூபாலன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"இவங்க மூக்கம்மாளுங்க. மதுரப் பக்கம். கட்டிங் டேபிள்ல ஆறு வருசம் நம்மகிட்டத்தான் இருந்தாங்க. கை வேல அத்தன சுத்தமுங்க!"

கை வேலையாம். அந்தக் கையால் அம்மாவுக்கு இன்றைக்குச் சோறு பிசையக்கூட முடியாது. எழுந்து அவர் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது. சிரித்த முகத்தோடு தலையாட்டினேன்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எட்டாவது கேள்விக்குப் போயிருக்கலாம். ஆனால் பெருமையடிக்கத் தொடங்கிய வாய் லேசில் மூடுமா? விரல் அம்மாவின் இடுப்புப் பக்கம் இறங்கியது.

"இது அவங்க புள்ளைங்க. நூல் பிசிறு வெட்ட வந்துட்டிருந்துச்சு. பன்னண்டு வயசு இருக்குமுங்க, ஆனா கத்திரியப் புடிச்சா பெரியவங்களே தோத்துப் போயிருவாங்க. நம்ம கம்பெனி ஒரு குடும்பமாட்டங்க, கண்ணு."

தீனதயாளன் தலையில் கை வைத்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவின் விரல்கள் போன அன்றைக்கு ஓடிப்போய் மிஷினை நிறுத்தியது அந்தப் பிள்ளைதான். அதிகாரிகள் விசாரிக்க வந்தபோது அதைத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்து, வாயைத் திறக்கக் கூடாது என்று மிரட்டினார்கள். அப்படி ஒரு பிள்ளை கம்பெனிக்குள் வந்ததே இல்லை என்று கோர்ட்டில் சொன்னார்கள். கண்ணால் பார்த்த ஒரே சாட்சியும் அதோடு போயிற்று.

பூபாலன் நெற்றியைத் தேய்த்தார்.

"பேருதானுங்க நெனப்பு வர மாட்டீங்குது."

"வேல்விழிங்க," என்றேன். "நான்தான் அது. அடுத்த கேள்விக்குப் போலாங்களா?"