லேசான உடம்பு

சர்வீஸ் முடிந்து முந்தின நாள் மாலை வீடு வந்த மோட்டார் சைக்கிள் வாசலில் பளபளவென்று நின்றது. அன்று அதில் மலைப்பாதை ஏறவேண்டிய தமயந்தி, கிளம்புமுன் ஸ்பேனரோடு வண்டியருகே உட்கார்ந்தாள்.

ஸ்பேனர் முதலில் பிரேக் போல்ட்டைத் தொட்டது.

"என்மேல் என்ன சந்தேகம் உனக்கு?" என்று சீறியது போல்ட். "நேத்துதான் இறுக்கினாங்க. சர்வீஸ் அட்டையில் டிக் போட்டிருக்கு, போய்ப் பார்."

"கோவிச்சுக்காதீங்க அண்ணே, ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்."

அழுத்திப் பார்த்தது. போல்ட் அசையவில்லை. ஸ்பேனர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்சக்கரத்துக்கு நகர்ந்தது.

அங்கிருந்த பெரிய நட்டு சிரித்தபடி வரவேற்றது. "வாப்பா, தாராளமா பாரு. சர்வீஸுக்கு அப்புறம் உடம்பே லேசாயிருக்கு. வலி கிலி எதுவும் இல்லை."

ஸ்பேனருக்கு ஆச்சரியமாக இருந்தது. சக்கரத்தையே இறுகப் பிடித்திருக்கிற நட்டுக்கு வலிக்காமல் எப்படி இருக்கும்?

"எந்த மாதிரி லேசு, அண்ணே?"

"காத்துல மிதக்கிற மாதிரி!"

ஸ்பேனர் பிடித்துத் திருப்பியது. நட்டு தடையே இல்லாமல் ஒரு முழுச் சுற்று சுற்றியது. இன்னும் அரைச் சுற்று போன பிறகுதான் நின்றது. தமயந்தி ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்தாள். இருந்த பலத்தையெல்லாம் போட்டு இறுக்கினாள்.

நட்டு வலியில் முனகியது. பிறகு மெல்லக் கேட்டது:

"அப்படின்னா நேத்து கடையிலிருந்து வீடு வரைக்கும் சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தது யாரு?"