கரைசல் திருடன்

"யாரோ என் டிரம்மிலேருந்து கரைசலைத் திருடுறாங்க, மச்சான்" என்றாள் நிலோஃபர்.

கணவன் மாஹிருக்குத் தேநீர் புரையேறியது.

"மாட்டுச் சாணியையும் மூத்திரத்தையும் வெல்லம் போட்டு ஊறவச்ச தண்ணி. அதையா திருடுவாங்க?"

"பக்கத்து நிலத்து கோ மியிண் மேலதான் எனக்குச் சந்தேகம்."

கோ மியிண் பாவம். திருடன் மாஹிர்தான்.

யாங்கோனுக்கு வெளியே மாவ்பியில் இருந்த அவர்கள் நிலம், ரசாயன உரத்தைத் தின்று தின்று செங்கல்லாக இறுகிக் கிடந்தது. மூட்டைத் தீவனம் தின்ற இரண்டு பசுக்களும் விலா எலும்பு தெரிய நின்றன. அவற்றை விற்றுவிட்டு யாங்கோனில் விட்டுவந்த கடைக்கே திரும்பிவிடலாம் என்றான் மாஹிர். மாடு மண்ணைத் தேற்றும், மண் மாட்டைத் தேற்றும், ஒரு மழைக்காலம் மட்டும் பொறுங்கள் என்றாள் அவள். அப்படிப் பிறந்ததுதான் பந்தயம். நிலத்தில் ஆளுக்குப் பாதி, இருவருக்கும் புளிச்சக்கீரை. அவனுக்கு உரம், அவளுக்குக் கரைசல். அவள் பாதி ஜெயிக்காவிட்டால் மாடுகளை விற்றுவிட வேண்டும். இதை மாஹிர் டீக்கடை முழுக்கப் பீற்றிவிட்டும் வந்தான்.

ஆனால் ஒரு காலை, அவிழ்த்துவிட்ட செவலைப்பசு அவன் பக்கத்து வரப்புப் புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு, நேரே அவள் பக்கம் போய் மேய்ந்தது. மாஹிர் அங்கே ஒரு பிடி மண்ணை அள்ளினான். ரவைக் கேக் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே ஒரு மண்புழு நெளிந்தது.

அதன்பிறகு அவன் உரமூட்டையைத் தொடவில்லை. தினமும் விடியுமுன் ஒரு வாளி கரைசலைத் திருடித் தன் பாதியில் ஊற்றினான். கறை தெறித்த கைலியை அலசிப் போட்டுவிட்டு சுப்ஹு தொழப் போனான்.

மழை ஓய்ந்தபோது பசுக்களின் தோல் பளபளத்தது. உண்ணி ஒன்றுகூட இல்லை. ஆனால் கீரை இரண்டு பாதியிலும் ஒரே உயரம், ஒரே பச்சை.

"நான் ஜெயிக்கலை" என்றாள் நிலோஃபர் அமைதியாக. மாட்டுத் தரகர் பீர் முகைதீனையும் அவளே வரச் சொல்லியிருந்தாள். செவலையின் கயிற்றை அவிழ்த்து அவரிடம் நீட்டினாள். செவலை திரும்பி மாஹிரின் முழங்கையை நக்கியது.

அவன் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டான்.

"திருடன் நான்தான் புள்ள. என் பாதியும் உன் கரைசல்லதான் வளர்ந்துச்சு. ஜெயிச்சது நீ."

பீர் முகைதீன் வாயைப் பிளந்தார். நிலோஃபர் முகத்தில் மட்டும் ஆச்சரியமே இல்லை.

"கல்யாணமான நாளிலேருந்து ஒரு கைலி அலசாத ஆளு, தினமும் விடியுமுன்ன அலசினா எனக்குத் தெரியாதா? ஊத்துங்கன்னு சொன்னா தொட்டிருப்பீங்களா?" என்றபடி அவனைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

அங்கே இன்னொரு டிரம் நிறைந்து ததும்பியது.

"இதுதான் என்னோடது, மச்சான். நீங்க திருடினது, உங்களுக்குன்னே நான் கலக்கி வச்சது."