எழுத்துபூர்வ ஆதாரம்

"இந்த நாப்பது பக்கத்தையும் எடுத்துடுங்கம்மா. விசா ஆபீஸர் பார்த்தா சிரிப்பாரு" என்றார் ஏஜென்ட்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் சட்டென்று கோப்பின் மேல் கையை வைத்துக்கொண்டாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கடையில் போடும் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவள் மாமியார்.

"எடுக்க வேண்டாம் சார். இதை நம்பித்தான் மறுபடியும் விண்ணப்பமே போடறோம்."

ஏஜென்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்ற ஆவணங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திருமணப் பதிவுச் சான்று, கல்யாண போட்டோக்கள், வெளிநாட்டில் இருக்கும் கணவனின் சம்பளச் சீட்டுகள், வீட்டு ஒப்பந்தம். ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலில் எண் போட்டிருந்தாள். இருபது வருஷத்தில் இப்படி ஒரு கோப்பை அவர் பார்த்ததில்லை. கடைசியில் செருகியிருந்த இந்த நாற்பது பக்கம்தான் உறுத்தியது.

"போன தடவை ஏன் தள்ளுபடி பண்ணாங்க? கணவன் மனைவிக்குள்ள எழுத்துபூர்வமா எந்தத் தொடர்பும் இல்லைன்னு. மூணு வருஷமா போன்லயே பேசித் தீர்த்திருக்கீங்க. ஒரு வரி மெசேஜ் உண்டா? கடிதம், மெயில், எது இருந்தாலும் கொண்டு வாங்கன்னு சொன்னேன். நீங்க என்னடான்னா..."

ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். கோடு போட்ட நோட்டுப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து அச்செடுத்திருந்தது. பக்கம் முழுக்க 'அ'. ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. சுற்றிலும் சிவப்பு மையில் வட்டங்கள்.

"தமிழ்ல இருக்கிறதை எல்லாம் நான் மொழிபெயர்த்துக் குடுக்கணும். இந்த 'அ'வை எப்படிம்மா மொழிபெயர்க்கிறது?"

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த தாளைப் புரட்டியவர் முகம் மாறியது. விண்ணப்பத்தை இழுத்து வைத்துப் பார்த்தார்.

"குழந்தைகள்ங்கிற இடத்துல 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

"இல்லைதான் சார்."

"அப்ப இது யார் எழுதினது? குழந்தை இருக்கிறதை மறைச்சீங்கன்னா அவ்வளவுதான். அப்புறம் தலைகீழா நின்னாலும் விசா கிடைக்காது." மாமியாரிடம் திரும்பினார். "நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கம்மா. பேரனா?"

"பேரனைப் பார்க்கணும்னுதான் தம்பி, இவளைச் சீக்கிரம் அனுப்பி வைங்கங்கறேன்!"

"அப்ப யாரு இவன்?"

"நம்ம வீட்டுப் பையன்தான். சரியான பிடிவாதக்காரன். என் பேச்சு எடுபடவே எடுபடாது. இவ ஒருத்திக்குத்தான் அடங்குவான். எழுதலைன்னா இவ அன்னைக்கு முகம் குடுத்துப் பேச மாட்டா. அந்தப் பயத்துலயே பாதி எழுதிட்டான்." மாமியாரின் குரலில் பெருமை வழிந்தது.

ஏஜென்ட் பெருமூச்சு விட்டார். "சொந்தக்காரப் பையனுக்கு ட்யூஷன் எடுத்தது நல்ல விஷயம்தாம்மா. அதுக்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம்?"

"சார், டாக்டருங்க கிறுக்கறதையே படிச்சு மருந்து எடுத்துக் குடுக்கறவ நான். கோணல் எழுத்து எனக்குப் பெருசில்லை. பதினோரு மாசத்துல இது எங்கேயிருந்து எங்கே வந்திருக்குன்னு மட்டும் பாருங்க. தேதி வரிசையா அடுக்கியிருக்கேன். கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்துட்டு, வேண்டாம்னு தோணுச்சுன்னா நீங்களே கிழிச்சுப் போட்டுடுங்க."

திடமாகத்தான் ஆரம்பித்தாள்; முடிக்கும்போது அது கெஞ்சலாகிவிட்டது. இன்னொரு தள்ளுபடி வந்தால் எத்தனை வருஷம் இழுக்கும் என்பது அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

ஏஜென்ட் வேண்டாவெறுப்பாகப் புரட்டினார். பத்தாவது பக்கத்தில் 'படம், பட்டம், பாடம்' வந்தன. பதினைந்தாவதில் 'மறுந்து' என்று எழுதிச் சிவப்பு மையில் அடி வாங்கி, அடுத்த தாளில் இருபது முறை 'மருந்து' என்று திருத்தி எழுதியிருந்தது. இருபத்திரண்டாவதில் முதல் வாக்கியம்: 'இன்று மழை. குடை இல்லை.' அதைப் படித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முப்பதைத் தாண்டியதும் சிவப்பு மை குறைந்துகொண்டே போனது. முப்பத்தெட்டில் ஒரு வட்டம்கூட இல்லை. ஓரத்தில் 'சபாஷ்' மட்டும். அவர் இப்போது புரட்டவில்லை, படித்துக்கொண்டிருந்தார். கைபேசி அடித்ததைக்கூட எடுக்கவில்லை.

"கெட்டிக்காரப் பையன்தாம்மா. ஒத்துக்கறேன்" என்றார்.

"பின்னே!" என்று மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆனா ஆபீஸருக்கு இதெல்லாம்..." என்று இழுத்தபடியே நாற்பதாவது தாளுக்கு வந்தார். அது அச்செடுத்த படம் இல்லை. வெளிநாட்டுத் தபாலில் வந்த அசல் கடிதம். மடித்த தடம் அப்படியே இருந்தது. அதே எழுத்து, இப்போது ஒவ்வொன்றும் நேராக நின்றது.

அவர் வாய்விட்டுப் படித்தார்.

"மதிப்பிற்குரிய விசா அதிகாரி அவர்களுக்கு வணக்கம். நாங்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதம் எங்கே என்று போன முறை கேட்டிருந்தீர்கள். அப்போது எனக்கு எழுதத் தெரியாது. எனக்கு வயது முப்பத்தெட்டு. கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் மேஸ்திரி. பள்ளிக்கூடம் போனதில்லை. நீங்கள் கேட்ட நாளிலிருந்து என் மனைவி தினமும் போனில் எனக்குப் பாடம் எடுக்கிறாள். இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது. தயவுசெய்து என் டீச்சரை என்னிடம் அனுப்பி வையுங்கள்."