வெள்ளிக்கிழமை வரை

அஸர் தொழுகை முடிந்து சனம் கலைகிறது. பள்ளிவாசலில் கை கால் கழுவும் ஹவுள் தொட்டியோரம், தேயிலைக் கொழுந்து மூட்டை தூக்கிக் காய்த்த கைகளைக் கட்டிக்கொண்டு நுஹ்மான் நிற்கிறான். போன நோன்புக்கு முன் அவன் ஜெயக்காந்தன். மேலே தோட்டத்து லயத்தில் நேற்றுச் செத்த அம்மா கிடக்கிறாள். ஒரே மகன் கொள்ளி வைக்கலாமா என்று கேட்கத்தான் இறங்கி வந்திருக்கிறான். பள்ளி நிர்வாகி றுஸ்தி ஹாஜியார் அவன் முதுகில் தட்டுகிறார். "எங்கட புள்ளைகளுக்கே வராது, இவன் குர்ஆனைப் பாட்டு மாதிரி ஓதுறான்!" சுற்றி நிற்பவர்கள் மாஷா அல்லாஹ் என்று சிரிக்கிறார்கள்.

"ஹாஜியார், எங்கம்மா மௌத்தாகிட்டாங்க. நான் போய்க் கொள்ளி வைக்கலாமுங்களா?"

சிரிப்பு அறுந்துபோகிறது. ஒருவர் தொப்பியைக் கழற்றி மடிக்கிறார்.

"பள்ளிக்குள்ள நின்டு கேக்கிற கேள்வியா தம்பி இது?" ஹாஜியார் குரலைத் தாழ்த்துகிறார். "வெள்ளிக்கிழமை மார்க்கம் படிச்ச ஹஸரத் வருவார். அவர்ட்ட தனியா கேளுங்க."

"இன்னைக்குத் திங்கக்கிழமைங்க."

"பொறுமையா இரிங்க. ஈமான்ல சந்தேகம் வரப்படாது."

ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கும் பனியோடு லயத்துத் தப்புமேளச் சத்தமும் இறங்குகிறது. மெதுவாக இருந்த அடி திடீரென்று வேகமெடுக்கிறது. அது பாடை தூக்குகிற அடி என்று அங்கே நிற்பவர்களில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.